உப்புக்கண்டமும் டிபன் பெட்டியும்

காலை ஏழரை மணிக்கு மூடப்படும் பள்ளிப் பிள்ளையின் டிபன் பெட்டி, நண்பகல் பன்னிரண்டரை மணிக்குத்தான் மீண்டும் திறக்கப்படுகின்றது. இடைப்பட்ட ஐந்து மணி நேரம் அது வண்டியிலும், தோள் பையிலும், வகுப்பறை மூலையிலும் கிடக்கின்றது. அந்நேரத்தில் பெட்டிக்குள் என்ன நிகழ்கின்றது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஈரமும் மிதமான உஷ்ணமும் வாய்த்துவிட்டால், இருபது நிமிடங்களுக்கு ஒரு முறை ஒன்று இரண்டாகப் பெருகக்கூடிய கிருமிகள் பல உள. அக்கணக்கின்படி ஐந்து மணி நேரத்தில் பதினைந்து முறை இரட்டிப்பு நிகழும். ஒரு கிருமி 32,768 ஆகிவிடும். 5 டிகிரி முதல் 60 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள உஷ்ண நிலையை ஆகாரத்திற்கு அபாய எல்லை என விஞ்ஞானிகள் குறிப்பது இதுபற்றியே.

மாமிசம் உண்ணும் குடும்பங்களிலும் தாய்மார்கள் கறிக் குழம்பைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்குகின்றனர். அத்தயக்கம் நியாயமானதே. நன்கு கொதித்த குழம்பிலும் சில கிருமிகளின் வித்துக்கள் அழியாமல் எஞ்சியிருக்கும். குளோஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்னும் கிருமியின் வித்துக்கள் அத்தகையவை. குழம்பு மெல்ல ஆறும்பொழுது அவை முளைத்துப் பெருகும். ஆகையால் பெட்டியில் எலுமிச்சஞ் சாதமோ, இட்லியோ, கடையில் வாங்கிய உருளைக்கிழங்கு வறுவலோ இடம்பெறுகின்றது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கறி உண்ணும் பிள்ளை, ஏனைய நாட்களில் பள்ளியில் பெரும்பாலும் மாவுச்சத்தையே உண்டு வளர்கின்றது.

இந்நிலைக்கு நம் வீடுகளில் ஒரு பழைய விடை உண்டு. அதுவே உப்புக்கண்டம். ஆயினும் அதை நம் பாட்டிமார்கள் செய்தவாறே இன்று பெங்களூர் போன்ற நகரில் செய்தல் தகாது. அம்முறையில் ஒரு படியை இடம் மாற்றி அமைத்தல் வேண்டும். அவ்வாறு அமைத்தால், பிள்ளைகளின் நண்பகல் உணவுக்கு அதனினும் ஏற்ற துணை அரிது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

குறை எங்கே உள்ளது?

மத்திய அரசு 2016 முதல் 2018 வரை நடத்திய தேசிய ஊட்டச்சத்து விரிவாய்வின்படி, நம் நாட்டில் 5 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளில் 24 சதவிகிதத்தினர் இரத்த சோகை உடையவர்கள். 10 முதல் 19 வயது வரையுள்ளோரில் இது 28 சதவிகிதம். இரத்தம் உருவாவதற்கும் நரம்புகளின் நலத்திற்கும் இன்றியமையாத பி12 வைட்டமின் குறைபாடு, முதற் பிரிவினரில் 17 சதவிகிதமும் இரண்டாம் பிரிவினரில் 31 சதவிகிதமும் காணப்பட்டது. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேறொரு முறையால் சோதித்தது. அதில் கர்நாடக மாநிலத்தில் 65.5 சதவிகிதத்தினருக்கு இரத்த சோகை இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. சோதனை முறைகள் வேறாதலின் இவ்விரு ஆய்வுகளின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடலாகாது. எனினும் இரண்டும் ஒரே திசையைச் சுட்டுகின்றன. பள்ளியில் களைத்து உட்காரும் பிள்ளையைச் சோம்பேறி என்று கடிவதற்கு முன், அதன் இரத்தத்தில் என்ன குறைவு என்று கேட்பது நம் கடமை.

மாமிசத்தை இரும்புச் சுரங்கம் எனப் புகழ்வாரும் உளர். அது மிகை. கொழுப்பில்லாத ஆட்டிறைச்சி 50 கிராமில் கிட்டும் இரும்பு ஏறத்தாழ 1 மில்லிகிராம் மட்டுமே. 7 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் இரும்பு வேண்டுமென 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வரையறுத்துள்ளது. அப்படியாயின் மாமிசத்தின் சிறப்பு யாது? அளவினும் தன்மையே அதன் சிறப்பு. தானியங்களிலும் பருப்புகளிலும் கீரைகளிலும் உள்ள இரும்பில் சிறு பகுதியையே குடல் ஏற்கின்றது. கேழ்வரகு, கோதுமை முதலியவற்றிலுள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் அதனைப் பிணைத்து நிறுத்திவிடுகின்றது. மாமிசத்தின் இரும்பில் ஒரு பகுதி இரத்தச் செம்பொருளோடு இணைந்திருத்தலால் அத்தடையை எளிதில் கடந்துசெல்கின்றது. அதுவுமன்றி, ஒரே வேளையில் உண்ணும் சோற்றிலும் பருப்பிலும் உள்ள இரும்பையும் குடல் கூடுதலாக ஏற்குமாறு மாமிசம் துணைசெய்கின்றது. சாம்பார் சாதத்தின் ஓரத்தில் வைக்கப்படும் ஒரு கைப்பிடிக் கறி, தன் சத்தை அளிப்பதோடு சாம்பாரின் சத்தையும் பயன்படச் செய்கின்றது.

புரதத்தின் கணக்கு இன்னும் தெளிவானது. 50 கிராம் பச்சை இறைச்சியில் ஏறத்தாழ 10 கிராம் புரதம் உண்டு. 7 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய புரதம் 23.3 கிராம். ஆகவே அச்சிறு அளவே நாளின் தேவையில் ஐந்தில் இரண்டு பங்கை நிறைவு செய்கின்றது. பி12 வைட்டமினோ விலங்குணவுகளில் மட்டுமே இயற்கையாகப் போதிய அளவில் கிடைக்கின்றது.

உலகெங்கும் கண்ட உபாயம்

இறைச்சியை உலர்த்திக் காக்கும் வித்தையை ஒரு நாட்டாரே கண்டுபிடித்தனர் எனல் இயலாது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைவாழ் மக்கள் அதனைச் சார்க்கி என்றனர்; இன்று உலகச் சந்தையில் வழங்கும் ஜெர்க்கி என்னும் பெயர் அச்சொல்லினின்று பிறந்ததே. தென் ஆப்பிரிக்காவில் பில்டாங், நேபாளத்தில் சுகுட்டி, வட அமெரிக்கப் பழங்குடியினரிடம் கொழுப்பும் உலர்ந்த இறைச்சிப் பொடியும் கலந்த பெம்மிக்கன் என இவ்வித்தை பல உருவங்களில் விளங்கியது. கர்நாடகத்திலேயே, மழை மிகுந்த குடகு நாட்டில் இறைச்சியை அடுப்பின் மேல் தொங்கவிட்டு வெப்பத்திலும் புகையிலும் உலர்த்தும் வழக்கம் உண்டு.

தமிழ்நாட்டில் ஆட்டிறைச்சியைக் கீற்றுகளாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பூசி, நூலில் கோத்துக் கொடியில் தொங்கவிட்டு, சில நாட்கள் வெயிலில் காயவைப்பர். கல்லைப்போல் இறுகிய துண்டுகளைப் பானையில் இட்டு வைத்து, வேண்டும்பொழுது தட்டி வறுத்து உண்பர். ஆடு அடிக்கும் நாள் அரிதாகவும், குளிர்சாதனம் இல்லாமலும் இருந்த காலத்தில், ஒரு நாளின் மிகுதியைப் பல வாரங்களுக்குப் பங்கிட்ட சிக்கன அறிவு அது. 1809இல் பெங்களூரில் ஆங்கிலேயரின் படைமுகாம் அமைந்தது முதல், அலசூர், சிவாஜி நகர் முதலிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பெருகின. மக்கள் ஊர் மாறும்பொழுது சமையல் முறைகளும் உடன் வருகின்றன. வெயில் மட்டும் உடன் வருவதில்லை.

உலர்த்துதலின் தத்துவம்

பச்சை இறைச்சியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீர். கிருமி வாழ்வதற்கு அந்நீர் வேண்டும். ஆனால் உணவிலுள்ள நீர் முழுவதும் கிருமிக்குக் கிட்டுவதில்லை. உப்பும் புரதமும் ஒரு பகுதியைப் பற்றிக்கொள்கின்றன. எஞ்சி, கிருமிக்குக் கிட்டும் நீரை அளக்க விஞ்ஞானிகள் ஓர் அளவுகோலை வகுத்துள்ளனர். அதில் தூய நீரின் அளவு 1. பச்சை இறைச்சியின் அளவு ஏறத்தாழ 0.99. இது 0.91க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளர்ச்சியை நிறுத்துகின்றன. மனிதர்களின் கையிலும் மூக்கிலும் வாழ்ந்து உணவில் நஞ்சு கக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பிடிவாதக் கிருமியும் 0.85இல் தோற்றுவிடுகின்றது. 0.60க்குக் கீழே பூஞ்சைகளும் வளர்வதில்லை. நன்கு உலர்ந்த இறைச்சித் துண்டு ஐந்து மணி நேரம் டிபன் பெட்டியில் கெடாது கிடப்பதன் இரகசியம் இதுவே. குழம்பில் பெருகும் கிருமிக்கு இங்கே குடிக்கத் தண்ணீர் இல்லை.

ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. உலர்த்துதல் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கின்றதே ஒழிய, உள்ளே முன்னமே இருக்கும் கிருமியைக் கொல்வதில்லை. பழைய முறையின் பலவீனம் இங்கேதான் உள்ளது.

பெங்களூரின் வெயில்

பெங்களூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம். ஜூலை மாதத்தில் பகலின் உச்ச உஷ்ணமே சராசரியாக 28 டிகிரி அளவில்தான் நிற்கின்றது. மழைக்காலத்துக் காலை வேளைகளில் காற்றின் ஈரப்பதம் 80 சதவிகிதத்தையும் தாண்டும். இராமநாதபுரத்துக் கோடை வெயிலில் விரைவாக உலரும் கீற்று, இங்கே நாட்கணக்கில் ஈரமாகவே தொங்கும். அந்நாட்கள் முழுவதும் அது மேலே கூறிய அபாய எல்லைக்குள் கிடக்கின்றது. ஈக்களும் சாலைத் தூசியும் வேறு. மேற்புறம் சீக்கிரம் காய்ந்து தோல்போல் இறுகிவிடின், உள்ளீரம் வெளியேற வழியின்றி அடைபடும். வெளிப்பார்வைக்கு உலர்ந்ததாகத் தோன்றும் துண்டின் நடுவே கிருமிகள் பெருகிக்கொண்டிருக்கும்.

வெயில் கடுமையாயிருப்பினும் இன்னொரு தடை உண்டு. மண்பானை தன் மேற்புறத்து நீரை ஆவியாக விடுவதால் உள்ளே குளிர்ச்சி உண்டாவதை நாம் அறிவோம். ஈர இறைச்சியும் அவ்வாறே. நீர் ஆவியாகும்வரை அது சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்தே இருக்கும். நீரெல்லாம் போனபின் உஷ்ணம் ஏறலாம். ஆனால் அதற்குள் கிருமியும் உலர்ந்துவிட்டிருக்கும். உலர்ந்த கிருமி ஈரக் கிருமியைவிட வெப்பத்தை அதிகம் தாங்கும். இட்லிப் பானையின் ஆவி கையைப் பொசுக்கும் அளவுக்கு, அதே உஷ்ணமுள்ள உலர்ந்த காற்று பொசுக்குவதில்லை அல்லவா? ஈர வெப்பமே கிருமிக்கு யமன்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 1995இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், வேட்டையாடிய மானின் இறைச்சியை வீட்டிலேயே மின்சார உலர்த்தியில் இட்டு உலர்த்தி உண்ட வட்டாரத்தில் 11 பேர் ஈ. கோலை ஓ157 என்னும் கொடிய கிருமியால் நோயுற்றனர். உலர்த்தியின் உஷ்ணம் 50 டிகிரியைச் சற்றே தாண்டியிருந்தும் கிருமி பிழைத்துக்கொண்டது. அந்நாட்டு வேளாண்மைத் துறை இன்று வீட்டாருக்குக் கூறும் விதி இது: இறைச்சியை முதலில் 71 டிகிரிக்கும், கோழி இறைச்சியை 74 டிகிரிக்கும் ஈரமாக இருக்கும்பொழுதே சூடாக்குக; அதன் பின்னரே உலர்த்துக.

மாற்ற வேண்டிய படி

நம் பழைய முறையில் உலர்த்துதல் முன்னும் சமைத்தல் பின்னும் வருகின்றன. சமைத்தல் முன்னும் உலர்த்துதல் பின்னுமாக இவ்வரிசையை மாற்றுவதே வேண்டுவது. இதற்கு வெப்பமானியும் வேண்டுவதில்லை, விலையுயர்ந்த கருவியும் வேண்டுவதில்லை. 920 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் நீர் ஏறத்தாழ 97 டிகிரியில் கொதிக்கின்றது; பிரஷர் குக்கரிலோ உஷ்ணம் 118 டிகிரியை நெருங்குகின்றது. 71 டிகிரியைக் கடப்பதற்கு எந்த வீட்டுக் குக்கரும் போதும்.

செய்முறையைச் சுருங்கக் கூறுவோம். எலும்பும் கொழுப்பும் நீக்கிய ஆட்டிறைச்சியோ கோழி இறைச்சியோ 500 கிராம் எடுத்துக்கொள்க. கொழுப்பு உலராது; நாளடைவில் காறும். ஆகையால் அதை நீக்குதல் முக்கியம். இறைச்சியை விரல் பருமனுள்ள துண்டுகளாக அரிந்து, 5 கிராம் உப்பு, மஞ்சள், மிளகு, இஞ்சி, பூண்டு சேர்த்துச் சிறிதளவே நீர்விட்டுக் குக்கரில் வேகவைக்க வேண்டும். வெந்தபின் அந்நீரை வடித்துக் கொட்டிவிடாமல், துண்டுகளிலேயே சுண்டவிட வேண்டும். கரைந்த சத்து அதில் உள்ளது. பின்னர் சுத்தமான கரண்டியாலோ கழுவிய கையாலோ துண்டுகளை நார் நாராகப் பிரித்து, இரும்புத் தோசைக்கல்லில் பரப்பி, சிறு தணலில் அடிக்கடி புரட்டி உலர்த்துக. கேக் சுடும் மின் அடுப்பு உள்ளவர்கள் 80 முதல் 90 டிகிரி உஷ்ணத்தில், ஆவி வெளியேறுமாறு கதவைச் சற்றே திறந்து வைத்து உலர்த்தலாம். பச்சை இறைச்சி அரிந்த பலகையும் கத்தியும் வெந்த இறைச்சியைத் தொடலாகாது.

போதுமான அளவு உலர்ந்ததா என்பதை எவ்வாறு அறிவது? கண்ணையும் விரலையும்விடத் தராசு உண்மையான சாட்சி. 500 கிராம் இறைச்சியில் நீர் ஒழிந்த திடப்பொருள் ஏறத்தாழ 125 கிராம். ஆகவே எடை மூன்றில் ஒரு பங்காக, அதாவது 170 கிராம் அளவுக்குக் குறையும்வரை உலர்த்தினால், உப்பைக் குறைத்தபோதிலும் ஐயத்திற்கு இடமிராது. முற்றிலும் ஆறியபின் காற்றுப் புகாத பாத்திரத்தில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஒரு வாரத்திற்குள் உண்டு முடித்துவிடல் நலம். சூடாக மூடினால் ஆவி நீராகி இறங்கி, உலர்த்திய உழைப்பெல்லாம் வீணாகும். இவ்வளவில் பத்து வேளைக்குரிய பங்கு கிடைக்கும். ஒரு பங்கின் எடை ஏறத்தாழ 17 கிராம். அதில் 10 கிராம் புரதமும் அரை கிராம் உப்பும் இருக்கும். ஒரு பிள்ளை ஒரு வாரத்தில் உண்பதற்கு இது மிகுதியாதலின், பிள்ளை ஒன்றே உள்ள வீட்டார் அளவைப் பாதியாகக் குறைத்துச் செய்து, எஞ்சியதைப் பெரியோரும் பகிர்ந்துகொள்ளலாம்.

பெட்டியில் இதனோடு ஒரு கொய்யாத் துண்டோ நெல்லிக்காயோ வைத்தல் அறிவுடைமை. அவற்றிலுள்ள சி வைட்டமின், தானியத்தின் இரும்பைக் குடல் ஏற்கத் துணைபுரிகின்றது. உணவோடு காப்பியோ தேநீரோ அருந்துதல் இதற்கு நேர்மாறான பயனைத் தரும்.

எதிர்வாதங்கள்

இதற்கு மாறாகச் சொல்லத்தக்கவை உண்டு. அவற்றை மறைத்தல் விஞ்ஞானம் ஆகாது. 2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், பதனிட்ட இறைச்சியைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் பதனிட்ட இறைச்சி உண்போருக்குப் பெருங்குடல் புற்றுநோயின் வாய்ப்பு 18 சதவிகிதம் மிகுகின்றது என அது கணக்கிட்டது. உப்பிடுதல், புகையிடுதல், இரசாயன உப்புகளால் பதனிடுதல் ஆகியவை அதன் வரையறையில் அடங்கும். பழைய உப்புக்கண்டம் அவ்வரையறைக்குப் புறம்பானது என்று நாம் வாதிட இயலாது.

ஆனால் மேற்கூறிய முறையில் உப்பு சுவைக்கே அன்றிக் காப்புக்கு அன்று. காப்பு வேலையை வெப்பமும் உலர்வும் குளிர்ச்சியும் ஏற்கின்றன. நைட்ரைட் முதலிய உப்புகளும் புகையும் இதில் இல்லை. கருகும்வரை வறுப்பதும் தவிர்க்கத்தக்கது. அவ்வாறாயினும் இது நாள்தோறும் உண்ணும் பண்டம் அன்று. வாரத்திற்கு ஒரு முறை அல்லது இரு முறை, ஒரு முறைக்கு ஒரு கைப்பிடி என்னும் எல்லையை மீறலாகாது. ஏனைய நாட்களுக்கு முட்டையும் பயறும் வேர்க்கடலையும் தயிரும் இருக்கின்றன.

இரண்டாவது, சிறு குழந்தைகளைப் பற்றியது. இறுகிய இறைச்சித் துண்டு தொண்டையில் சிக்கும் அபாயம் ஐந்து வயதுக்குட்பட்டோரிடம் மிகுதி. அவர்களுக்கு இதனை உரலில் இடித்துப் பொடியாக்கி, பருப்புப் பொடியைப்போல் சோற்றில் பிசைந்தே ஊட்டல் வேண்டும்.

மூன்றாவது, செலவு. ஆட்டிறைச்சியின் விலை எளிய குடும்பத்தைத் திகைக்க வைக்கின்றது என்பது உண்மை. கோழி இறைச்சி அதனினும் மலிவு. புரதத்தில் பயனுள்ளது, இரும்பிலும் பி12 வைட்டமினிலும் குறைவு. பளபளக்கும் உறைகளில் கடைகளில் விற்கும் வறுவல்களுக்கு மாதந்தோறும் செலவாகும் தொகையை ஒரு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, அதன் பின்னரே கட்டுப்படியாகாது என்று முடிவு செய்வது நேர்மையாகும்.

பெட்டியைத் திறக்கும் பிள்ளை

நான்காவது தடை விஞ்ஞானத்தைச் சார்ந்தது அன்று. எனினும் அதுவே எல்லாவற்றினும் வலியது. நம் நாட்டில் சில பள்ளிகள் மாமிச உணவைக் கொண்டுவரலாகாது என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கின்றன. விதி இல்லாத இடங்களிலும், பக்கத்துப் பிள்ளை முகம் சுளிக்குமோ என்று அஞ்சிப் பெட்டியின் மூடியைப் பாதி மட்டும் திறந்து உண்ணும் பிள்ளைகள் உள்ளனர். வெட்கத்தோடு விழுங்கும் உணவைப் பிள்ளை விரைவில் வேண்டாம் என்று ஒதுக்கிவிடும். அப்பொழுது தாயின் உழைப்பும் சத்தின் கணக்கும் ஒருங்கே தோற்றுப்போகின்றன.

மாமிசம் உண்ணாதிருத்தல் பல குடும்பங்களின் நெறி. அந்நெறி முழு மதிப்புக்கு உரியது. அத்தகைய பிள்ளைக்குப் பாலும் பருப்பும் கொண்டு நல்லுணவு அமைத்துத் தரவும் இயலும். ஒருவர் நெறியை மற்றவர் பெட்டியின்மேல் சுமத்துவதே ஏற்கத்தகாதது. இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி கர்நாடகத்திலேயே உள்ளது. 2021 டிசம்பரில் ஏழு மாவட்டங்களில் பள்ளி மதிய உணவோடு முட்டை அளிக்கும் திட்டம் தொடங்கியபொழுது, முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் அளிக்கப்பட்டது. பின்னர் அத்திட்டம் மாநிலம் முழுவதும் பரவியது. 2024இல் பெங்களூரிலுள்ள அஸீம் பிரேம்ஜி அறநிலையத்தின் பொருளுதவியோடு வாரத்தில் ஆறு நாட்களுக்கும் விரிந்தது. தமிழ்நாட்டிலும் 1989இல் பதினைந்து நாட்களுக்கு ஒரு முட்டையாகத் தொடங்கியது, 2010இல் வாரத்திற்கு ஐந்தாக வளர்ந்தது. ஒரே பந்தியில் ஒரு பிள்ளை முட்டையும் அடுத்த பிள்ளை வாழைப்பழமும் உண்ணலாம் என்பதை அரசுப் பள்ளிகள் நடத்திக் காட்டிவிட்டன. ஏனைய பள்ளிகள் அதனைப் பின்பற்றுவதில் என்ன தடை? பெட்டியில் உள்ளது தூய்மையானதா, கெடாததா, பிள்ளைக்குப் போதுமானதா என்ற மூன்று கேள்விகளைப் பள்ளி கேட்கட்டும். நான்காவது கேள்வி வேண்டுவதில்லை.

ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து அடுக்களைக்கு

பெங்களூருக்கு அண்மையிலுள்ள மைசூரில் 1950இல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும், 1961இல் போர்வீரர்களின் உணவை ஆராயும் பாதுகாப்புத் துறை ஆராய்ச்சிக்கூடமும் நிறுவப்பட்டன. உணவைக் கெடாது காத்து நெடுந்தொலைவு கொண்டுசெல்லும் கலையில் இவ்விரண்டும் பெற்றுள்ள அனுபவம் பெரிது. மலைச் சிகரத்தில் காவல் நிற்கும் வீரனின் பையில் உணவு கெடாதிருக்க எந்த விதிகள் துணைசெய்கின்றனவோ, அவையே நகரத்துப் பள்ளிப் பிள்ளையின் பையிலும் துணைசெய்யும். தொழிற்சாலைக்கு ஏற்ற முறையைக் காண்பதோடு அமையாமல், ஒரு குக்கரும் ஒரு தோசைக்கல்லும் ஒரு சிறு தராசும் உள்ள அடுக்களைக்கு ஏற்றவாறு அதனைச் சோதித்து, தமிழிலும் கன்னடத்திலும் நான்கு பக்கச் சிற்றேடுகளாக அச்சிட்டு, பள்ளிகளின் மூலம் பெற்றோருக்கு வழங்குதல் வேண்டும். எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், எவ்வளவு எடை, எத்தனை நாள் என்ற நான்கு எண்கள் அதில் இருந்தால் போதும். மனையியல் கல்லூரி மாணவியர் தம் ஊரின் ஈரப்பதத்தில் இப்பண்டம் எத்தனை நாள் கெடாதிருக்கின்றது என்பதைப் பருவந்தோறும் அளந்து பார்க்கலாம்; மழை மாதத்து விடையும் மார்ச் மாதத்து விடையும் வேறாக இருத்தல் கூடும்.

நம் முன்னோர் அளவுகோலும் நுண்ணோக்கியும் இன்றி, நீரை நீக்கினால் இறைச்சி நிற்கும் என்ற உண்மையைக் கண்டனர். அவர்கள் காணாத கிருமியை நாம் கண்டுவிட்டோம். அதன்பொருட்டு அவர்கள் வித்தையை எள்ளி ஒதுக்குதலும் தவறு. மாற்றமின்றி அப்படியே செய்தலும் தவறு. முதலில் வேகவைத்துப் பின்னர் உலர்த்துக என்ற இச்சிறு திருத்தத்தோடு உப்புக்கண்டம் கொடியிலிருந்து இறங்கி டிபன் பெட்டிக்குள் வரட்டும். அப்பெட்டியை நண்பகலில் முழுவதுமாகத் திறந்து வைத்து உண்ணும் உரிமையை நம் பிள்ளைகளுக்கு அளிப்பது பெரியோராகிய நம் பொறுப்பு.